இழுத்தால் போகாத வரி

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், இரணியல் பக்கத்துச் சபையின் வெள்ளைத் திரையில் செயலாளர் ஞானசிகாமணியின் போன் பெரிதாகத் தெரிகிறது. "இனி ஜெபக்குறிப்புக்குத் துண்டுக் காயிதம் வேண்டாம், ஆப்புல அனுப்புங்க. பேரு கட்டாயம் போடணும், அது எனக்க யோசனை." கோட்டுப் பொத்தானைத் தடவியபடி பெருவிரலால் போன் திரையைக் கீழே இழுத்து விடுகிறார். சின்ன வட்டம் சுழல்கிறது. முதல் விண்ணப்பம் ஆளுயர எழுத்தில் வந்து நிற்கிறது: 'வீட்டுக்காரர் என்னை அடிக்காமல் இருக்க ஜெபியுங்கள். குளோரி ஞானசிகாமணி.' அவர் மறுபடி இழுக்கிறார். வட்டம் சுழன்று அதே வரி வருகிறது. இன்னும் ஒருமுறை இழுக்கிறார். "இழுத்தா அழியாது அண்ணாச்சி," என்கிறது பின்வரிசைக் குரல், "புதுசு உண்டும்னா கூடச் சேரும், அவ்வளவுதான்." பெண்கள் பக்கத்தில் குளோரி முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, போனை வேதப்புத்தகத்துக்குள் வைத்து மூடுகிறாள். போதகர் எழுந்து, எந்த விண்ணப்பத்துக்கும் சொல்வதுபோலவே, "ஜெபிப்போம்" என்கிறார். எல்லாத் தலைகளும் குனிகின்றன. ஜெபம் முடிகிறது. உரத்த குரலில் முதல் ஆமென் சொல்வது இந்தச் சபையில் செயலாளரின் உரிமை. சபை கண்ணை மூடியபடி காத்திருக்கிறது.