வாளிப்பிடி எந்த ஊர்ச் சொல்?

"இந்தச் சொல்லை எந்த ஊர்ல பேசுறாங்கன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க சார். என் ஊர் எதுன்னு எனக்குத் தெரிஞ்சிடும்."

பஸ் டிரைவர் சீருடையோடு வந்து நின்றாள் அந்தப் பெண். எதிரே அகராதி ஆசிரியர். ஆதாரமில்லாத சொல் எது வந்தாலும் ஈவிரக்கமில்லாமல் வெட்டித் தள்ளுகிற மனிதர். அதனால் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் கத்தரி.

"உக்காருங்க. என்ன வார்த்தை அது?"

"வானவில்லுக்கு நான் சின்ன வயசுல சொன்ன பேரு சார். வெள்ளத்துல யாரோ என்னைப் படகுல தூக்கிப் போட்டுக் காப்பாத்தினாங்களாம். முகாமுக்கு யாரும் தேடி வரல. ஊர் பேரும் எனக்குச் சொல்லத் தெரியல. அப்பா பேரு கேட்டா 'அப்பா'ன்னுதான் சொன்னேனாம். ஆசிரமத்துலதான் வளர்ந்தேன். பழசுல மிச்சம் இருக்கிறது இந்த ஒரு வார்த்தைதான்."

வானவில் என்றதும் கத்தரிக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது. பேச ஆரம்பித்தால் நிறுத்த ஆளில்லை.

"நம்மாளுங்க கண்ணுக்கு அது வில்லு. இந்திரன் கையில குடுத்து இந்திரவில்லுன்னாங்க. பழைய பாட்டுல திருவில். வேற சில நாட்டுல அது தண்ணி குடிக்க வந்த பாம்பு. பேருக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கும், கதைக்குப் பின்னாடி ஒரு ஊர் இருக்கும். கவலையே படாதீங்க, பிடிச்சிடலாம். சொல்லுங்க."

"வாளிப்பிடி."

கத்தரியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"என்ன?"

"வாளிப்பிடி சார்."

"ஏன் வாளி? காரணம் சொல்லு!" திடீரென்று மரியாதை போய்விட்டது. அவளுக்குச் சுருக்கென்றது.

"மேல இருந்து ஒரு பெரிய வாளியில மழையை ஊத்துறாங்க. ஊத்தி முடிச்சதும் காலி வாளியை மலைக்குப் பின்னாடி வச்சிடறாங்க. பிடி மட்டும் நமக்குத் தெரியுது. அப்படித்தான் எனக்கு ஞாபகம்..."

"பொய்!" கத்தரி மேசையில் ஓங்கி அறைந்தார். "யாரு உன்னை அனுப்பினது? என்கிட்ட விளையாட வேற விஷயமே கிடைக்கலையா?"

பக்கத்து அறையிலிருந்து ரெண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படியும் ஒரு மனுஷனா! கண்ணில் நீர் முட்டியது.

"சத்தியமா யாரும் அனுப்பல சார். இதை நம்பித்தான் வந்தேன். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, போயிடறேன்."

எழுந்தவளைக் கத்தரி குறுக்கே வந்து மறித்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"இந்தச் சொல்லு எந்த ஊர்லயும் கிடையாது" என்றார்.

அவள் இடிந்துபோனாள். இத்தனை வருஷமாகப் பிடித்து வைத்திருந்த ஒரே நம்பிக்கையும் போயிற்று.

"எந்த ஊர்லயும் இல்லைன்னா, எனக்கு இதை யாரு சார் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லிக் குடுக்கலம்மா." கத்தரி அவள் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, ஓவென்று அழுதார். "நம்ம வீட்டு ஜன்னல்கிட்ட, என் தோள்மேல உக்காந்துக்கிட்டு, நீதான் எனக்குச் சொல்லிக் குடுத்தே!"