ஒரு ஆளுக்கு ஒரு தடவை

"இப்பத்தானே பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்தீங்க? மறுபடியும் எதுக்கு வரிசையில நிக்கிறீங்க?"

உபதேசியார் இக்னேசியஸ் கேட்ட குரலில் தேன் வடிந்தது. வழக்கமாக எரிந்து விழும் மனுஷர். "சட்டத்தைக் காப்பாத்துங்க, ஆனா கத்தாதீங்க" என்று போன மாதம் பூசை வைக்க வந்த சாமி சொன்ன புத்தி வேலை செய்கிறது போலும்.

"அது பழைய பாவமுங்க," என்றாள் மரியநாயகி. "வெளிய வந்ததும் இந்த இராசம்மாவைக் கழுதைன்னு திட்டிப்புட்டேன். இது புதுசு."

"நான் மட்டும் சும்மா இருந்தேனா? நானும் திட்டினேன். நானும் போகணும்," என்று வரிசையின் நடுவில் தன் தேயிலைக் கொழுந்துக் கூடையை வைத்து இடம் பிடித்தாள் இராசம்மா.

"கூடைக்குப் பாவசங்கீர்த்தனம் கிடையாதும்மா. ஒரு ஆளுக்கு ஒரு தடவை. அதான் சட்டம்."

"அப்ப நான் பாவத்தோட செத்தா, எனக்குப் பதிலா நீங்க நரகத்துக்குப் போவீங்களா?"

உபதேசியார் திரும்பி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். சாமியின் கைக்கடிகாரம் ரிப்பேரில் கிடந்ததால், கந்தப்பளைப் பக்கத்து அந்தத் தோட்டக் கோயிலில் அதுதான் எல்லாருக்கும் நேரம் சொன்னது. நானுஓயாவில் நாலரைக்கு ரயில். மூன்றரைக்காவது சாமி லொறியில் ஏறியாக வேண்டும். அன்றைக்கே திரும்பிவிட வேண்டும் என்பது பெரிய சாமியின் உத்தரவு. அதனால் நாளைக்கு அந்தோனியார் திருநாளுக்கு இந்த வருஷமும் பூசை கிடையாது. தோட்டமே அழாத குறை.

உபதேசியார் ஒதுங்கி வழிவிட, மரியநாயகி உள்ளே போய்ச் சாமியிடம் பாவத்தைச் சொல்லிவிட்டு வந்தாள். வந்த வேகத்தில் கூடையை எட்டி உதைத்தாள். இராசம்மா அவள் கொண்டையைப் பிடித்தாள்.

"பாத்துக்குங்க உபதேசியாரே, இது எனக்கு மூணாவது பாவம்!" என்று கூவினாள் மரியநாயகி.

"மெதுவா, மெதுவா. சண்டை போட்டவங்க ரெண்டு பேரும் வரிசையில வாங்க."

பின்னால் நின்ற சூசைரட்ணத்துக்குப் பொறுக்கவில்லை. "ஒரு ஆளுக்கு ஒரு தடவைன்னு சொன்னீங்களே?"

"கோயில்ல கத்தக் கூடாதுங்க. அதுவும் சட்டம்தான்," என்றார் உபதேசியார். அடேயப்பா, இந்த மனுஷருக்கா இத்தனை பொறுமை!

அப்போது ஃபெக்டரியில் நாலு மணிச் சங்கு ஊதியது. மணிக்கூட்டில் மூன்றே கால்.

சாமி பதறிக்கொண்டு வெளியே வந்தார். "நாலு மணியா? ஐயோ, ரயில் போச்சே!"

மரியநாயகி கொண்டையை முடிந்துகொண்டு முழந்தாளிட்டாள். "மன்னிச்சுக்குங்க சாமி. எல்லாம் பொய்ச் சண்டை. ரயிலைத் தவறவிட்டா நாளைக்கு இங்க பூசை வைப்பீங்கன்னு நாங்க ரெண்டு பேரும் பேசி வச்சதுங்க."

சாமிக்குச் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை. "உங்களுக்கு நடுவுல சட்டத்தைக் காப்பாத்த, பாவம், இந்த உபதேசியார் ஒருத்தர்தான் எம்புட்டுப் பொறுமையா நின்னிருக்காரு!"

உபதேசியார் தலையைச் சொறிந்தார். மெல்ல வந்து மரியநாயகிக்குப் பின்னால் முழந்தாளிட்டார்.

"சாமி, நான் இன்னைக்கு ஒரு தடவைகூடப் போகலீங்க. காலையில நீங்க காப்பி குடிக்கிறப்ப, அந்த மணிக்கூட்டை முக்கால் மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வச்சது நான்தானுங்க."