இருபது ஃபியூஸ்

மூன்று நாளாக அந்த கேம்பர் வேன் நகைக்கடைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தது. படுக்கை, அடுப்பு, ஹீட்டர் என்று ஒரு குடித்தனத்தையே சக்கரத்தில் ஏற்றிய வண்டி. உள்ளே இருந்த இரண்டு பேரும் ஊர் சுற்ற வந்தவர்கள் என்று தெரு நம்பியது. ஒரே தெருவில் மூன்று நாள், திரைச்சீலையைக்கூட விலக்காமல் ஊர் சுற்றுகிறவர்களை அந்தத் தெரு வேறெங்கே பார்த்ததோ தெரியவில்லை.

மூத்தவனுக்கு மொட்டை என்று பட்டப்பெயர். இளையவன் சோடாபுட்டி. கண்ணாடியைக் கழற்றினால் அவனுக்குக் கடை எது, கதவு எது என்றே தெரியாது. அதனால்தான் திரைச்சீலை இடுக்கில் ஒரு கேமரா, கடையின் பக்கவாட்டுக் கதவைப் பார்த்தபடி இருந்தது. முதலாளி எப்போது வருகிறார், சாவி யாரிடம் இருக்கிறது, வேலையாட்கள் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள் எல்லாம் நோட்டில் ஏறியிருந்தன.

காலையில் பெரியவர் போனில் பேசினார். "வைரம் உள்ள வந்தாச்சு. இன்னைக்குக் கடை லீவு. நடந்தா இன்னைக்குத்தான் நடக்கும். போன தடவை தூங்கிக் கோட்டை விட்ட மாதிரி இந்தத் தடவையும் விட்டே, அப்புறம் வேற பொழப்பைப் பாத்துக்கோ."

மொட்டைக்கு வேறு பிழைப்பு தெரியாது. கல்யாண வயதில் இரண்டு பெண்கள் வேறு. பயத்தில் நோட்டை நாலாவது தடவையாகப் புரட்டினான்.

பயம் போதாதென்று குளிர். ஹீட்டரைப் போட்டால் இரண்டு நிமிஷம் முனகிவிட்டு அணைந்துவிடும். இரண்டு பேரும் ஒரே கம்பளிக்குள் புதுத் தம்பதி மாதிரி ஒண்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் ஜன்னலை யாரோ தட்டினார்கள். வெளியே கருவிப்பெட்டியும் சிரித்த முகமுமாக ஓர் எலக்ட்ரீஷியன்.

"பக்கத்துல வயரிங் வேலைக்கு வந்தேண்ணே. உங்க ஹீட்டர் செத்துச் செத்துப் பொழைக்குது, கேக்க சகிக்கல. பாக்கட்டுமா?"

இந்தக் குளிரில் வேண்டாம் என்று எவன் சொல்வான்? சொன்னால்தான் சந்தேகம் வரும். மொட்டை கேமராவின் மேல் துண்டைப் போட்டுவிட்டு, நோட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, "வாங்க தம்பி" என்றான்.

எலக்ட்ரீஷியன் ஹீட்டர் வயரில் மீட்டரை வைத்துப் பார்த்தான். "சும்மா இருந்தா பன்னெண்டரை வோல்ட் காட்டுது. ஹீட்டர் போட்டா பத்துக்கு விழுது. ஏதோ ஒண்ணு பேட்டரியை உக்காந்து குடிக்குதுண்ணே. உள்ள வேற என்ன ஓடுது?"

அந்தக் குடிகாரன் யாரென்று மொட்டைக்கு நன்றாகத் தெரியும். கேமரா மூன்று நாளாக அந்த பேட்டரியில்தான் ஓடுகிறது. சொல்ல முடியுமா?

"ஒண்ணுமில்லையே. செல்போன் சார்ஜர்தான்."

"அப்பத் தேடித்தான் புடிக்கணும். எல்லாத்தையும் அணைச்சிடுங்க. மீட்டரைக் கோத்துட்டு ஃபியூஸை ஒண்ணொண்ணாக் கழட்டுவோம். எதைக் கழட்டும்போது நம்பர் எறங்குதோ, அதுதான் திருடன்."

மொட்டையின் கை துண்டுக்குள் நுழைந்து கேமராவை அணைத்தது. கொஞ்ச நேரம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

எலக்ட்ரீஷியன் காரியக்காரன். கூரையில் இருந்த சோலார் பலகை கரண்ட் அனுப்பினால் கணக்கு கெட்டுவிடும் என்று பெரிய தார்ப்பாய் ஒன்றை அதன்மேல் போர்த்தினான். அது கடைப்பக்க ஜன்னலையும் சேர்த்து மூடிக்கொண்டு தொங்கியது. "கதவைத் திறந்தா உள்ள லைட் எரியும், நம்பர் மாறிடும். நான் சொல்ற வரைக்கும் யாரும் எறங்காதீங்க. ஃபியூஸ் ஒண்ணுக்கு ரெண்டு நிமிஷம். மொத்தம் இருபது."

மொட்டை இருக்கைக்கு அடியில் குப்புறப் படுத்து மீட்டரைப் பார்த்தான். சோடாபுட்டி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஃபியூஸ்களைப் பிடுங்கினான். ஹீட்டரின் புகைக்குழாயைப் பார்ப்பதாகச் சொன்ன எலக்ட்ரீஷியன் வெளியே நின்று அதிகாரம் செய்தான்.

"அடுத்தது. நம்பர் எறங்குச்சா?"

"இல்ல தம்பி, அப்படியேதான் இருக்கு."

பதினோராவது ஃபியூஸின்போது வெளியே ஏதோ தடாலென்று விழுந்தது.

"என்ன சத்தம் தம்பி?"

"ஸ்பேனர் விழுந்திடுச்சுண்ணே. நீங்க மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க."

மொட்டை எடுக்கவில்லை. ஒவ்வொரு ஃபியூஸுக்கும் குட்டு உடைந்துவிடுமோ என்று உயிர் போய் உயிர் வந்தது. இருபதும் முடிந்தன. நம்பர் இறங்கவே இல்லை. எப்படி இறங்கும், குடிகாரன்தான் துண்டுக்குள் தூங்குகிறானே.

எலக்ட்ரீஷியன் உள்ளே வந்து, துருப்பிடித்த எர்த் வயரைச் சுரண்டி, நட்டை இறுக்கி, ஹீட்டர் ஃபியூஸை மட்டும் செருகினான். ஹீட்டர் உறுமிக்கொண்டு ஓடியது. வேனுக்குள் கதகதப்பு பரவியது. கூலியை நீட்டினால் வாங்க மாட்டேன் என்றான். "குளிர்ல கெடக்குற மனுஷங்ககிட்ட காசு வாங்குவேனாண்ணே?"

தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு அவன் போனதும், இந்தக் காலத்தில் இப்படியும் ஒருவனா என்று மொட்டைக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு மற்ற ஃபியூஸ்களைச் செருகிவிட்டு, கேமராவைப் போட்டான்.

திரையில் கடையின் பக்கவாட்டுக் கதவு பிளந்து கிடந்தது. வாசலில் வெறும் நகைத்தட்டுகள். தெருமுனையில் ஒரு குட்டி லாரி திரும்பிக்கொண்டிருந்தது. அதன் முன்சீட்டில், மடியில் தார்ப்பாயோடு, எலக்ட்ரீஷியன். வேனைப் பார்த்துக் கையசைத்தான்.

"அண்ணே, மொத்தத்தையும் அள்ளிட்டானுங்க" என்றான் சோடாபுட்டி. "பெரியவர்கிட்ட என்ன சொல்றது?"

மொட்டைக்கு அழுகை வந்தது. போனை அழுத்தி, கடை காலி என்ற ஒரே விஷயத்தைச் சொல்லி முடித்தான்.

"திருடனுங்க வந்தா அமுக்கத்தானேய்யா உங்க ரெண்டு பேரையும் அங்க உக்கார வச்சேன், முக்கால் மணி நேரமா எதைப் பாத்துக்கிட்டிருந்தீங்க?" என்று கத்திய இன்ஸ்பெக்டருக்கு, "மீட்டரை, ஐயா" என்று பதில் சொன்னான் ஹெட் கான்ஸ்டபிள் மொட்டை.