சான்றிதழுக்குச் சாட்சி

“கள்ளச் சான்றிதழ் அடிக்கிறதுக்கோ பிள்ளை உம்மை வேலைக்கு எடுத்தனான்?”

சோமசேகரத்தின் குரல் உட்துறைமுக வீதி வரை கேட்டிருக்கும். 2007ஆம் ஆண்டு. காணாமற்போனவர்களைப் பற்றிய முறைப்பாடுகளைப் பதியும் சிறிய நிறுவனம் அது. அவர் பணிப்பாளர், ஆட்களின் பத்திரங்களுக்குக் கையெழுத்து வைத்து உறுதிப்படுத்தும் சமாதான நீதவானும்கூட. பெயர்ப்பலகையில் பெயரைவிட அந்தப் பட்டம்தான் பெரிதாக இருந்தது.

“கள்ளம் இல்ல சேர்,” என்றாள் கணினி வேலை பார்க்கும் ஸல்ஹா. “எங்கட சேர்வர் கொம்பியூட்டருக்கு ஒரு டிஜிட்டல் சான்றிதழ். இது இருந்தா இங்க பதியிறத கொழும்பு ஒஃபிஸ் மட்டும்தான் வாசிக்கலாம். இடையில ஒருத்தருக்கும் ஏலாது.”

“ஆர் கையெழுத்து வைச்சது?”

“சேர்வரே தனக்கு வச்சது. வெளிநாட்டுக் கொம்பனி உறுதிப்படுத்தித் தர நாளெடுக்கும். அதுவரைக்கும் இது போதும்.”

“தனக்குத் தானேயோ!” சோமசேகரம் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். “சோதனைச் சாவடியிலை போய் ‘நான்தான் நான்’ எண்டு சொல்லிப் பாரும், விடுவாங்களோ? இந்தா, உம்மட கொம்பியூட்டரே ‘நம்ப ஏலாது’ எண்டு சிவப்பிலை காட்டுது. அதுக்கு இருக்கிற அறிவு உமக்கில்லை.”

“வெளியாள் உறுதிப்படுத்தல்ல எண்டுதான் சேர் அது சொல்லுது. பூட்டு நல்ல பூட்டு. அதத் திறக்கிற இரகசியத் திறப்பு வேற ஆள்ட கைக்குப் போனாத்தான் பயம். போனா எல்லாத்தையும் வாசிச்சிருவாங்க.”

சுவரோரம் இராசமலர் காத்திருந்தாள். சீனன்குடாவுக்கு வேலைக்குப் போன அவள் புருஷனை இராணுவத்தினர் வழியில் மறித்து வெள்ளை வான் ஒன்றில் ஏற்றியதை ஒரு பெடியன் கண்டிருந்தான். அவன் பெயரைச் சொல்லத்தான் வந்திருந்தாள். பெயர் வெளியே போனால் அடுத்து ஏற்றப்படுவது அவன்.

“எனக்கு இதுகள் விளங்காது ஐயா. அந்தப் பெடியன்ட பேர் வெளியாலை போகாது எண்டு ஆராவது சொன்னால் காணும்.”

“நான் சொல்லுறன்.” சோமசேகரம் நெஞ்சில் கை வைத்தார். “ஸல்ஹா, சான்றிதழையும் திறப்பையும் ஒரு சீடியிலை ஏத்தித் தாரும். முறையா உறுதிப்படுத்திக்கொண்டு வாறன்.”

“திறப்பு என்னத்துக்கு சேர்?”

“பூட்டை மட்டும் காட்டினால் ஆர் நம்புறது? நீர் பிறக்க முந்தியே நான் கையெழுத்து வைக்கத் தொடங்கினனான்.”

கொழும்பு அலுவலகத்துக்குத்தான் அனுப்பப்போகிறார் என்று நினைத்து ஸல்ஹா கொடுத்தாள்.

பின்னேரம் திரும்பி வந்தவரின் முகத்தில் கலியாண வீட்டுக் களை.

“முடிஞ்சுது. இனி எங்களை ஒருத்தரும் கேள்வி கேக்க ஏலாது. சொல்லுங்கோ தங்கச்சி, பயப்பிடாதேங்கோ.”

இராசமலர் சொன்னாள். பெடியனின் பெயர், ஊர், இப்போது ஒளிந்திருக்கும் வீடு. ஸல்ஹா எல்லாவற்றையும் பதிந்து கொழும்புக்கு அனுப்பினாள்.

அதற்குப் பிறகுதான் திரையை வடிவாகப் பார்த்தாள்.

“சேர், அந்தச் சிவப்பு இன்னும் போகல்லயே. நீங்க ஆருக்கிட்ட உறுதிப்படுத்தின?”

“கொம்பியூட்டருக்குத் தெரியாட்டி விடும் பிள்ளை. ஆமி முகாமுக்கெல்லோ போனனான். பெரியவரே சீடியைக் கையாலை வாங்கினவர். ‘இனி உங்களை நம்பலாம்’ எண்டு சொல்லி, தேத்தண்ணியும் தந்தவர்.”