எட்டாவது ஆள்

அவள் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

நான்கு. ஐந்து.

ஆட்டம் தொடங்குமுன் இரண்டு அணிகளும் கைகுலுக்கும் நேரம். மற்ற பெண்கள் எதிரணியின் கைகளை ஒப்புக்குத் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள். பேச்சி மட்டும் ஒவ்வொருத்தியின் முன்னும் நின்று, தோளைத் தொட்டு, அந்த விரல்களைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

ஆறு. ஏழு.

"ஏட்டி, இவ கபடிக்கு வந்தாளா, கோயிலுக்கு வந்தாளா?"

எதிரணி முழுக்கச் சிரித்தது. வெளியே நின்று எண்ணிக்கொண்டிருந்தவளும் சிரித்தாள். யோசனை அவளுடையது.

மூன்று மாதங்களுக்கு முன், கல்லூரி முடித்த கையோடு இந்தப் பள்ளிப் பெண்களுக்குக் கபடி சொல்லித்தர வந்தாள். வந்த அன்றே பேச்சியின் காலைப் பார்த்துவிட்டாள். கபடி கபடி என்று பாடிக்கொண்டு எதிரணிக்குள் போகும்போது அந்தக் கால் திடீரென்று நீளும். கோழி தானியத்தைக் கொத்துவதுபோல எதிரில் நிற்பவளின் பாதத்தைத் தொட்டுத் திரும்பும். சொல்லிக் கொடுத்து வருகிற கால் இல்லை அது.

ஆனால் தொட்ட மறுகணம் பேச்சி குனிந்துவிடுவாள்.

கால் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும். தம்பிமேல் பட்டாலும், புத்தகத்தின்மேல் பட்டாலும். பிறந்ததிலிருந்து பழகிய கை, ஆடுகளத்திலும் தானாகவே நீளும்.

குனிந்த முதுகின்மேல் நான்கு பேர் விழுவார்கள்.

முதல் போட்டியில் இரண்டு முறை. அடுத்ததில் மூன்று முறை.

தோழிகளை வரிசையாக நிறுத்திப் பயிற்சி கொடுத்துப் பார்த்தாள். பேச்சி மிதித்தாள், கும்பிட்டாள். மிதித்தாள், கும்பிட்டாள்.

"ஒண்ணு மிதி, இல்லன்னா கும்புடு. ரெண்டையும் செய்யாதட்டி, தாயீ!" அணித் தலைவி ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டாள்.

உடற்பயிற்சி ஆசிரியர் சிரிக்கவில்லை. இன்றைக்கும் குனிந்தால் பேச்சி இனி அணியில் இல்லை என்று சொல்லிவிட்டார்.

அதனால்தான் இந்த ஏற்பாடு. முதலிலேயே கும்பிட்டுவிடு. ஏழு பேரையும். அப்புறம் எத்தனை தடவை கால் பட்டாலும் குற்றமில்லை.

"நெசமாவாக்கா?"

"நெசமாத்தான்."

சாமி சம்பந்தப்பட்ட விஷயத்தில் இப்படி வாக்குக் கொடுக்கத் தனக்கு யார் அதிகாரம் தந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

பலித்தது.

பேச்சி ஆறு முறை பாடிப் போனாள். ஐந்து புள்ளி. ஒருமுறைகூடக் குனியவில்லை. ஒவ்வொரு முறையும் கோட்டைத் தாண்டுமுன் திரும்பிப் பார்ப்பாள். வெளியே நிற்கும் அக்கா தலையசைத்த பிறகே போவாள்.

எதிரணிப் பயிற்சியாளருக்கும் கண் இருந்தது.

கடைசி நிமிடம். புள்ளிகள் சமம். அவர் டைம் அவுட் கேட்டார். பெஞ்சிலிருந்து நெட்டையாக ஒரு பெண் எழுந்து உள்ளே வந்தாள். பேச்சி எப்போதும் கால் நீட்டும் மூலையில் போய் நின்றாள்.

கைகுலுக்கும்போது வரிசையில் இல்லாதவள்.

"என்னயக் கும்புடலயே நீ," என்றாள் நெட்டைப் பெண், கண்ணைச் சிமிட்டி. "எம்மேல கால் பட்டா பெரிய பாவம், பாத்துக்கோ."

அக்காவிடமும் ஒரு டைம் அவுட் மிச்சம் இருந்தது. அரை நிமிடம் போதும். பேச்சி ஓடிப்போய் அந்தத் தோளையும் தொட்டுவிட்டு வந்துவிடலாம்.

கை பாதிவரை உயர்ந்தது. பேச்சி திரும்பிப் பார்க்கட்டும் என்று காத்திருந்தாள்.

பேச்சி பார்க்கவில்லை.

அவள் அந்த நெட்டைப் பெண்ணின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டும் கிளையில் தொங்கும் கொய்யாப்பழத்தைப் பார்ப்பதுபோல.

உயர்த்திய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அக்கா தன் பின்னலைப் பிடித்துக்கொண்டாள்.

விசில்.

கபடி கபடி கபடி கபடி.

பேச்சி வலப்பக்கம் போனாள். எதிரணி மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. சட்டென்று திரும்பினாள். கால் நீண்டது.

பட்டது.

இங்கேதான் குனிவாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களின் முதுகுகள் தாமாகவே கொஞ்சம் வளைந்தன. ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டாள். நெட்டைப் பெண் குனியப்போகும் முதுகுக்காக இரண்டு கைகளையும் விரித்துவைத்திருந்தாள்.

கைகளுக்குள் காற்று மட்டுமே சிக்கியது.

பேச்சி நடுக்கோட்டைத் தாண்டியிருந்தாள். தாண்டிய பிறகும் நிறுத்தாமல் கபடி கபடி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த மூச்சு இன்னும் தீரவில்லை.

ஸ்டெல்லா ஓடிவந்து அவள்மேல் விழுந்தாள். ஒரு புள்ளி முன்னால்.

ஆட்டமிழந்து வெளியே போகிற வழியில் நெட்டைப் பெண் கோட்டருகே நின்றாள். தோற்றவள் மாதிரி இல்லை. சிரித்துக்கொண்டே தோளைக் காட்டினாள்.

"இப்பவாது கும்புடு, ஏட்டி!"

"இருங்கக்கா," என்றாள் பேச்சி. "மேட்ச் முடியட்டும்."

நாற்பது நொடிகள் இருந்தன. எதிரணியிலிருந்து ஒருத்தி பாடி வரத் தயாரானாள்.

பிடிக்கும் நேரத்தில் பேச்சி எப்போதும் ஸ்டெல்லாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பவள். இப்போது யாரும் சொல்லாமலே மூலைக்குப் போனாள்.

காலை நன்றாக முன்னால் எடுத்து வைத்தாள்.

தொட்டுப் பார் என்பதுபோல.