முகம் வடிய

செண்பகவல்லியின் உடம்பிலிருந்த எதிர்ப்புச் சக்தியே அவளுடைய இடது கண்ணைத் தாக்கிக்கொண்டிருந்தது. அதை அடக்க டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையில் பார்வை தெளிந்தது. ஆனால் முகம் பூசணிக்காயாக உப்பிவிட்டது. அப்புறம் மூன்றே வாரத்தில் முகம் வடிந்தது, கண்ணும் மறுபடி மங்கியது.

"மாத்திரையை நிறுத்திட்டியாம்மா?" என்று டாக்டர் அதட்டினார். ஒரு வேளைகூட விடவில்லை என்று அவள் சத்தியம் செய்தாள். டப்பாவை வாங்கிப் பார்த்தவர், "இது வெறும் கால்சியம். யாரோ மாத்தியிருக்காங்க. போன பார்வை முழுசா திரும்பும்னு என்னால சொல்ல முடியாது" என்று புதிதாக எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கேட்டபோது அம்மா ஒளிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வர்றாங்கடி. அந்த மூஞ்சியோட உன்னை எப்படி உட்கார வைக்கிறது?"

ஞாயிற்றுக்கிழமை செண்பகவல்லி பட்டுப்புடவை கட்டி, வந்தவர்கள் முன்னால் போய் நின்றாள். "மாத்திரை சாப்பிட்டா என் முகம் உப்பும். சாப்பிடலைன்னா கண்ணு போயிடும். எங்கம்மாவுக்கு முகம்தான் பெருசாத் தெரிஞ்சுது" என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா கனிவாகச் சிரித்தாள். "இப்ப லட்சணமாத்தானேம்மா இருக்கே. முகூர்த்தம் வரைக்கும் மாத்திரை இல்லாம பொறுத்துக்கோயேன்."

செண்பகவல்லி அவர்களுக்கு வைத்திருந்த தண்ணீரை எடுத்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த அன்றைக்கு உண்டான மாத்திரைகளை ஒவ்வொன்றாக, அந்த அம்மாளையே முறைத்துப் பார்த்தபடி விழுங்கினாள்.