இறால் தட்டுக்குப் போகும் வழி

பஃபே மேசையில் ஒருவன் முதலில் எதை அள்ளுகிறான் என்பதை வைத்தே அவன் தலையெழுத்தைச் சொல்லிவிடலாம் என்பது ரதீஸின் கண்டுபிடிப்பு.

“புட்டை அள்ளினவன் முடிஞ்சான் மச்சான்,” என்றான் சிவதர்ஷனிடம், வாவிக்கரை ஹோட்டலின் மேசைகளை நோட்டம் விட்டபடி. “புட்டு, அதுக்கு மேல மாங்காய்ச் சொதி. மறுகா இறாலுக்கு வயித்துல எங்க இடம்?”

“சொதி நல்லா மணக்குதே.”

“மூக்குச் சொல்றதக் கேட்டு நடக்கிறவன் உருப்படமாட்டான். போன ஞாயிறு ஒண்டரைக்கே இறால் முடிஞ்சி, நான் தலைகுனிஞ்சி நிண்டன். இண்டைக்கு விடமாட்டன்.”

பன்னிரண்டு மணியானது. ரதீஸ் ஏப்ரனை இறுக்கிக் கட்டினான்.

“சரி, கதவைத் திற. புட்டையும் சொதியையும் வாசலோட வை, இறாலைக் கடைசி மேசைக்குத் தள்ளு. மூணு மணிக்கு முன்னம் இறால் முடிஞ்சால் முதலாளி நம்மள வாவிக்குள்ள தள்ளுவார்.”

மூன்று மணிக்குக் கடைசி விருந்தாளியும் வயிற்றைத் தடவிக்கொண்டு போனார். இறால் பாதித் தட்டு மிச்சம்.

“வெண்டுட்டம் மச்சான். இனி இது நமக்குத்தான், வா,” என்று கூப்பிட்டான் சிவதர்ஷன்.

வாசல் மேசையில் ரதீஸ் புட்டைக் குவித்து, நடுவில் குழி பறித்து, சொதியை ஊற்றிக்கொண்டிருந்தான்.